பாடம் சொன்ன தண்ணீர்

செவிநூலகத்தை அரசாங்கம் இணையத்தில் தடுத்துவைத்த மூன்றாம் நாள் காலையில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற அதே ஆற்றுத் தண்ணீர்தான், அதே துருப்பிடித்த குழாய்தான், முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர் என்று எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் கீழத்தெருக் குழாயில் முதல் குடத்தை வைத்த டெய்லர் லூர்தம்மாள், தண்ணீரோடு சேர்ந்து கண்டக்டர் இசக்கிராஜின் குரலும் குடத்துக்குள் விழுவதைக் கேட்டாள். "வாசிப்பவர் இசக்கிராஜ், சாத்தனேரி. பாடம், இந்தியப் பொருளாதாரம். அத்தியாயம் ஏழு" என்று தண்ணீர் சொன்னது. குடம் நிறைந்ததும் குரல் நின்றது. லூர்தம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஆளு வைங்க, எனக்குப் பொருளாதாரம் வந்துட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

அதிசயம் என்றால் ஊரே கூடி வாயைப் பிளக்கும் என்று நினைக்கிறவர்கள் சாத்தனேரியில் குடியிருந்து பார்த்தவர்கள் அல்ல. எங்களுக்குத் தண்ணீர் ஒன்றரை மணி நேரம்தான் வரும், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அண்டா, குண்டான், வாளி, மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த வெண்கலப் பானை வரைக்கும் நிரப்பி ஆக வேண்டும், அதற்கு நடுவில் தண்ணீர் பேசினால் என்ன பாடினால் என்ன என்றுதான் எங்கள் பெண்கள் இருந்தார்கள். மேலத்தெருவுக்கு வரலாறு வந்தது. தேரடிக்குப் புவியியல். போலீஸ் குடியிருப்புக்கு மனக்கணக்கு வந்து, அவர்கள் அதைக் கொஞ்சம் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள்.

செவிநூலகம் யாருடையது என்று சொல்ல வேண்டும். அது சுயம்புக்கனியுடையது. கீழத்தெருவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், இருபத்தொன்பது வயது, பிறந்த நாற்பதாம் நாள் வந்த காய்ச்சலில் பார்வை போனவள், அரசாங்க வேலைக்கான தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் இரண்டே மதிப்பெண்ணில் விட்டவள். தேர்வுக்கான புத்தகங்களை விரலால் தடவிப் படிக்கிற எழுத்தில் யாரும் அச்சிடவில்லை. அதனால் அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பேருந்தில் டிக்கெட் கொடுக்க வந்த இசக்கிராஜிடம், "அண்ணே, வண்டி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருக்குல்லா, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் வாசியுங்க" என்று புத்தகத்தை நீட்டினாள், மற்றக் கையால் போனில் பதிவு பண்ணினாள். ஒரு பக்கம் ஒரு பாடமாயிற்று, ஒரு பாடம் ஒரு புத்தகமாயிற்று, இசக்கிராஜுக்குப் பிறகு லூர்தம்மாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வாசித்தாள், அவளுக்குப் பிறகு வேறு வேறு ஊர்களிலிருந்து முன்பின் தெரியாத மனிதர்கள் வாசித்து அனுப்பினார்கள், நூற்று நாற்பது பேர். போனில் இடம் போதாததால் அவ்வளவையும் சுயம்புக்கனி ஒரு இணையப் பக்கத்தில் மட்டும் அடுக்கிவைத்தாள், வாசித்த புத்தகங்கள் எல்லாம் இரவல், அவை அப்போதைக்கப்போது திரும்பிப் போயின. நாலாயிரம் பேர் கேட்டார்கள், நாலாயிரம் பேருக்கும் பார்வை கிடையாது. இசக்கிராஜ் பாடத்தின் நடுவே "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று பழக்கத்தில் சொல்லியிருப்பான், அதையும் அவர்கள் பாடத்தோடு மனப்பாடம் பண்ணியிருந்தார்கள்.

புதிதாக வந்த நகல் தடுப்புச் சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. தலைநகரத்தில் கைடு புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தார் தங்கள் புத்தகத்தைக் குரலால் திருடுகிறார்கள் என்று மனு கொடுக்க, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுயம்புக்கனியின் போன், எழுத்தையெல்லாம் வாசித்துக் காட்டுகிற அந்த மெஷின் பெண் குரலில், "இந்தப் பக்கம் அரசு ஆணைப்படி தடுக்கப்பட்டுள்ளது" என்று சொன்னது. அன்றைக்குத் தேர்வுக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. வெளியே போக வழியில்லாமல் நின்ற குரல்கள் எந்த வழியாக ஆற்றுக்குப் போயின, எப்படி எங்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறின என்று கேட்டால், எங்கள் ஊர் வாட்டர்மேனே "வால்வைத் திறக்கது மட்டுந்தான் என் வேலை" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மூன்று முறைக்குள் தண்ணீரின் குணம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. குழாயிலிருந்து விழும்போது வாசிப்பவரின் பெயர், ஊர், பாடத்தின் தலைப்பு மட்டும் சொல்லும். குடத்தில் இருக்கும்போது வாயைத் திறக்காது. குடத்தைச் சாய்த்து ஊற்றினால் பாடம் முழுவதையும் சொல்லும், ஒரே ஒரு தடவை, அதற்கப்புறம் அது வெறும் தண்ணீர். மெதுவாக ஊற்றினால் மெதுவாகச் சொல்லும், வேகமாக ஊற்றினால் கீச்சென்று ஓடிவிடும், ஒரு சொல் பிடிபடாது. டீக்கடையில் பாய்லரைத் திறந்தால் ஐந்தாண்டுத் திட்டம் கேட்டது. பால்காரர் கோமதிநாயகம் தேரடியில் பால் அளந்து ஊற்றும்போது பாலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தக்காணப் பீடபூமியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆரம்பிக்க, பதினெட்டு வருஷமாக அவர் கலந்துவந்த தண்ணீர் ஒரே காலையில் அம்பலமாயிற்று. அவர் கொஞ்சமும் அசராமல், "பிள்ளைய படிக்கட்டும்னுதான்" என்றார்.

சுயம்புக்கனிக்கு விஷயம் தெரிந்ததும் கீழத்தெருக் குழாயடிக்கு வந்து நின்றாள். அடித்துப்பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள், அது வழக்கமாக அங்கே நடக்கிற காரியம் இல்லை. "ஏ, எனக்குத் தண்ணி வேண்டாம், பாடந்தான் வேணும்" என்றாள் அவள். "நீங்க பிடிச்ச குடத்த எனக்குத் தாங்க, எங்க மதினி அதுக்குப் பதிலா பேசாத தண்ணி தருவா." அவள் மதினி ஏற்கெனவே கேட்டு முடித்த வெறும் தண்ணீரை அண்டா அண்டாவாகச் சேர்த்துவைத்திருந்தாள். அப்படித்தான் மாற்று ஆரம்பித்தது. மேலத்தெருவிலிருந்து வரலாறு வந்தது, தேரடியிலிருந்து புவியியல், போலீஸ் குடியிருப்பிலிருந்து மனக்கணக்கை ஏட்டு ஒருவரே சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இறக்கிவைத்தார். குடத்தின் கழுத்தில் மதினி நூல் கட்டினாள், ஒரு முடிச்சு பொருளாதாரம், இரண்டு முடிச்சு வரலாறு, மூன்று முடிச்சு புவியியல். சுயம்புக்கனி தினமும் இரண்டு குடத்தை, தண்ணீர் நூல் கனத்தில் விழும்படி சாய்த்து, தலையை ஒருபக்கம் திருப்பி, உதட்டை அசைத்து அசைத்துக் கேட்பாள். மற்ற மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் அவர்கள் அவர்கள் ஊரில் என்ன செய்கிறார்கள் என்ற நினைப்பு வரும்போது மட்டும் குடம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து, ஒரு வரி வேகமாக ஓடிவிடும்.

இதற்கிடையில் போராட்டம் வந்தது. செவிநூலகத்தை மட்டுமா தடுத்தார்கள், அந்தச் சட்டத்தை வைத்து எத்தனையோ பக்கங்களைத் தடுத்தார்கள், எனவே ஒரு புதன்கிழமை முழுவதும் நாடெங்கும் இணையத்தில் எல்லோரும் தங்கள் பக்கத்தை எழுத்தே இல்லாத ஒரு கறுப்புப் படத்தால் மூடிக் கறுப்பாக்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. முன்னால் நின்றவர்களில் எங்கள் இசக்கிராஜும் உண்டு. லூர்தம்மாள் ஜாக்கெட் மாடல்கள் போடுகிற தன் பக்கத்தைக் கறுப்பாக்கினாள். சமையல் குறிப்புக்காரர்கள், சினிமாச் செய்திக்காரர்கள், பேருந்து நேரம் சொல்கிறவர்கள், ஜாதகம் பார்க்கிறவர்கள், சண்டை போடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு ஒன்றாகக் கறுப்பானார்கள். பதினோரு லட்சம் பக்கங்கள் என்று சொன்னார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் இணையம் இல்லாததால் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கறுப்புத் துணி போட்டார்கள். எங்களுக்கெல்லாம் ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு அரசாங்கத்தை அசைத்துவிட்டோம் என்ற மிதப்பில் அன்று மாலை வரை யாருக்கும் வேலை ஓடவில்லை.

மாலையில் இசக்கிராஜ் காக்கிச் சட்டையோடு நேரே சுயம்புக்கனி வீட்டுக்கு வந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து போனை மடியில் போட்டிருந்தாள், முகம் சிவந்திருந்தது.

"நாடே இருட்டாயிட்டு சுயம்பு" என்றான். "பாத்தியா?"

"எங்கண்ணே பாக்க?" என்றாள் அவள்.

இசக்கிராஜுக்கு முதலில் புரியவில்லை. அவள் போனை எடுத்து விரலால் தள்ளினாள். மெஷின் குரல், "படம்" என்றது. இன்னொரு தள்ளு. "படம்." இன்னொன்று. "படம்."

"காலையில இருந்து இதான் சொல்லுது. போன் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ அணைச்சு அணைச்சுப் போட்டேன். ஹால் டிக்கெட் வந்திருக்கான்னு சேதி சொல்லுத பக்கத்துக்குப் போனா படம். பஸ் நேரம் கேட்டா படம். எங்க ஆளுக பேசிக்கிடுத குழுவுல போனா, அங்க ஒவ்வொருத்தரும் அழுதுட்டுக் கெடக்காங்க, எல்லாத்தையும் தடுத்துட்டானுவளான்னு. மதினி வந்து சொன்ன பெறவுதான் தெரியுது, எங்களுக்காவ நடக்க போராட்டம்னு." அவள் போனைத் திரும்ப மடியில் போட்டாள். "கறுப்புன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுண்ணே. எனக்காவ எல்லாரும் வாய அடைச்சிட்டு நிக்கிய. அரசாங்கம் ஒரு பக்கத்த அடைச்சுது, நீங்க பதினோரு லட்சத்த அடைச்சுட்டிய."

இசக்கிராஜ் படியில் உட்கார்ந்துவிட்டான். நூற்று நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூட, வருஷக்கணக்காகப் பார்வையற்றவர்களுக்கு வாசித்த அந்த நூற்று நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூட, இது தோன்றவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, கண்டக்டர் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடினான். இதை எழுதும்போது எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்றைக்குக் கறுப்பாக்கியதில் நானும் ஒருத்தன்.

"செரி, என்ன செய்யணும்னு சொல்லு" என்றான் கடைசியில்.

"வாசிக்கச் சொல்லுங்க. பதினோரு லட்சம் பேரும் ஆளுக்கொரு பக்கம் வாசிச்சு அவங்கவங்க பக்கத்துல போடட்டும். பேரையும் ஊரையும் சொல்லிட்டு வாசிக்கட்டும், நாம வாசிக்கது மாதிரியே. எத்தனை பேரத் தடுப்பாவ?"

இசக்கிராஜ் அன்றைக்கே அதை எழுதிப் போட்டான். பொத்தானைத் தட்டுவது வேறு, தன் பெயரையும் ஊரையும் தன் வாயால் சொல்லிச் சட்டத்தை மீறுவது வேறு என்பது அடுத்த வாரம் எங்களுக்குத் தெரிந்தது. அருமையான யோசனை என்று எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில். வாசித்தவர்கள் நாலு பேர்.

அதற்கடுத்த தண்ணீர் முறையன்று தணிகாசலம் வந்தார். தலைநகரத்தில் நகல் தடுப்புப் பிரிவில் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் அதட்டாத ஆள். கீழத்தெருக் குழாயடியில் ஒரு ஓரமாக நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். ஒவ்வொரு குடமும் வாசிப்பவர் இன்னார், இன்ன ஊர் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எங்கள் பெண்களுக்கு அவர் யாரென்று தெரிந்ததும் குழாயை மூடப் பார்த்தார்கள், ஆனால் மூடினால் தண்ணீர் போய்விடும், எனவே பிடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர் நாலு தெருக் குழாய்களுக்கும் போய், நூற்று நாற்பது பெயரையும் எழுதி முடித்துவிட்டு, தொட்டியடிக்குப் போய் வால்வைப் பூட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்துவிட்டார். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, நாலு லட்சம் லிட்டர் கள்ள நகல் என்று பஞ்சாயத்து அலுவலகத்துச் சுவரில் ஆணை ஒட்டினார். வெளியூரிலிருந்து லாரியில் வந்த தண்ணீரும் அதே ஆற்றுத் தண்ணீர் என்பதால், எல்லையில் குழாயைத் திறந்து காதுவைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு அவர் சுயம்புக்கனி வீட்டுக்கு வந்தார், சட்டைப் பையில் பேனா, கையில் ஒரு காகிதம், அக்குளில் அந்தப் பதிப்பகத்தாரின் தடிப் புத்தகம், அதுதான் வழக்குக்குச் சாட்சி.

"அம்மா, நீங்க இதுல கையெழுத்துப் போட்டா போதும். பதிவு எல்லாத்தையும் நிரந்தரமா அழிச்சிடறேன், இனிமே செய்ய மாட்டேன்னு. போட்ட உடனே தொட்டியத் திறந்துடுவேன். வாசிச்சவங்க மேலயும் நடவடிக்கை வராது. கையெழுத்து முடியலேன்னா கைநாட்டு வச்சாலும் சரி."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்" என்றாள் சுயம்புக்கனி. "போட மாட்டேன்."

"தேர்வு எழுதறீங்கன்னு சொன்னாங்க. வழக்குன்னு வந்தா வேலைக்கே சிக்கல்."

"பதிவு இல்லேன்னா தேர்வே இல்லயே சார். எனக்கு மட்டுமில்ல, நாலாயிரம் பேருக்கு."

அவர் காகிதத்தை வாசல் திண்டில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு சொம்பை அதன்மேல் வைத்துவிட்டு லாட்ஜுக்குப் போனார்.

முதல் மூன்று நாள் ஊர் சுயம்புக்கனி பக்கம் இருந்தது. நான்காம் நாள் ஊர் எந்தப் பக்கமும் இல்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. ஐந்தாம் நாள் அண்டாக்களின் அடியைத் துணியால் ஒற்றிப் பிழிந்தவர்கள், அந்தப் பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று சன்னமாகப் பேச ஆரம்பித்தார்கள், ஆறாம் நாள் அது அவ்வளவு சன்னமாக இல்லை. யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, வீட்டுக்கும் தொட்டியடிக்கும், தொட்டியடிக்கும் கீழத்தெருவுக்கும் காரணம் இல்லாமல் நடந்துகொண்டே இருந்தோம். வெயில் தலையைப் பிளந்தது. கவுன்சிலர் சொர்ணராஜ் இருபது பேரோடு சுயம்புக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் நல்ல மனிதர்தான், அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை.

"தாயி, ஊரு தாங்காது" என்றார். "பச்சப் பிள்ளைய கெடக்கு. ஒன் பாடம் பெருசா, ஊரு பெருசான்னு நான் கேக்க மாட்டேன், ஆனா வேற ஆளு கேக்கான்."

சுயம்புக்கனி எழுந்து உள்ளே போனாள். நடுவீட்டிலும் அடுக்களையிலும் கட்டிலுக்கு அடியிலும் நூல் கட்டிய குடங்கள் இருந்தன, இருபத்தாறு குடம், அவள் இன்னும் கேட்காத இருபத்தாறு பாடம். ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். தேர்வுக்கு இருபத்தொரு நாள் இருந்தது. அவள் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தண்ணிதான வேணும்? பாத்திரத்தக் கொண்டாங்க. ஆனா நான் மெதுவாத்தான் ஊத்துவேன். யாரும் பேசக் கூடாது. ஊத்தும்போது பேசுனா எனக்குக் கேக்காது."

அன்றைக்கு ஆரம்பித்த வரிசை மூன்று நாள் நின்றது. அவள் படியில் உட்கார்ந்து குடத்தை மடியில் சாய்த்து நூல் கனத்தில் ஊற்ற, தண்ணீர் அதன் பாட்டுக்குப் பாடம் சொல்ல, சொம்பும் கையுமாக நாங்கள் வெயிலில் நின்று கேட்டோம். இசக்கிராஜ் போனைக் குடத்தின் வாய்க்கு நேராகப் பிடித்து, வருகிற குரலை அப்படியே நாடு முழுவதற்கும் நேரலையாக அனுப்பினான், கேட்க முடியாமல் போன அந்த நாலாயிரம் பேரும் அவரவர் ஊரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். தலைநகரத்தார் அதைத் தடுப்பார்கள், உடனே லூர்தம்மாள் தன் போனைப் பிடிப்பாள், அதையும் தடுப்பார்கள், வரிசையில் அடுத்த ஆள் பிடிப்பார். தாகத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் யாரும் முண்டவில்லை என்று சொன்னால் அது பொய். முண்டினார்கள், முனகினார்கள், முதல் நாள் இரண்டு பேர் கைகலந்தார்கள், அதில் விவசாயச் சீர்திருத்தத்தில் அரைப் பக்கம் கேட்காமல் போயிற்று. ஆனால் இரண்டாம் நாள் பால்காரர் கோமதிநாயகம் தன் சொம்பு நிறைந்த பிறகும் நகராமல், "இரி, அந்த ராஜா மகன் என்ன ஆனான்னு கேட்டுட்டுப் போறேன்" என்று நின்றார். பின்னால் நின்றவர்கள் அவரைத் திட்டவில்லை, அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு குடம்தான் மிச்சம். அதில் இருந்தது லூர்தம்மாள் வாசித்த பருவக்காற்றுகள். சுயம்புக்கனி அதைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு தேர்விலும் அவளைக் கவிழ்த்தது அந்தப் பாடம்தான், அதை ரொம்ப ரொம்ப மெதுவாக, ஒரு மாலை முழுவதும் ஊற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

அப்போது தெருமுனையில் ஏட்டு ஓட்டிவந்த ஜீப் வந்து நின்றது. தணிகாசலம் இறங்கி ஓடிவந்தார், சட்டை வெளியே வந்திருந்தது. தொட்டியடியில் காவலுக்கு நின்ற அவருடைய ஜீப் டிரைவர் கபீர் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டான், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, லாட்ஜிலும் கடைகளிலும் ஒரு சொட்டுக்கூட இல்லை, உப்புக் கிணறுகளும் வற்றிக் கிடக்கின்றன, தொட்டியைத் திறந்தாலும் தண்ணீர் குழாய்க்கு வர அரை மணி நேரம் ஆகும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை தாங்க மாட்டான் என்றார். இரண்டு பேர் போய் ஜீப்பிலிருந்து கபீரைத் தூக்கிவந்து நிழலில் கிடத்தினார்கள். வரிசையில் யாரோ, "சீல் வச்ச ஐயா தண்ணிக்கு வந்திருக்காரு" என்று சொன்னார்கள். சுயம்புக்கனி குரலைக் கொண்டே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

"தலையில ஊத்தணும்மா" என்றார் அவர். "மெதுவா ஊத்த நேரம் இல்ல."

அவள் குடத்தின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் நூலைத் தடவியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், மூன்று முடிச்சு. லூர்தம்மாள் வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"எங்க கெடக்காரு? என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் சுயம்புக்கனி.

இசக்கிராஜ் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனான். அவள் குனிந்து, கபீரின் நெற்றியை ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கி ஒரேயடியாகக் கவிழ்த்தாள். தென்மேற்கும் வடகிழக்கும், தையல் மிஷின் சத்தமும், லூர்தம்மாளின் குரலும் ஒரு கீச்சலாக வந்து, ஒரு தும்மல் நேரம்கூட இல்லை, முடிந்துபோயிற்று. கபீர் மூச்சை இழுத்தான். இன்னொருமுறை இழுத்தான், பிறகு கண்ணைத் திறந்து, "சார், வண்டி சாவி" என்று சட்டைப் பையைத் தடவினான். நாங்கள் அவனை ஜீப்பில் ஏற்றினோம், ஏட்டு ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கூட்டம் கலைந்தது. வரிசையில் மிச்சம் நின்றவர்கள் வெறும் சொம்போடு போனார்கள், ஒருவர்கூடக் குறைசொல்லவில்லை. சுயம்புக்கனி படியில் உட்கார்ந்து காலிக் குடத்தை மடியில் வைத்திருந்தாள், அழவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை. தணிகாசலம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சாமான்களை ஜீப்பிலிருந்து இறக்கி ஏட்டு படியோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"அது என்ன பாடம்?" என்று கேட்டார்.

"பருவக்காத்து."

"திரும்பக் கேக்க முடியாதா?"

"ஒரு தடவதான் சொல்லும் சார். பேசாம போங்க. ஒங்க காகிதம் திண்டுலதான் இருக்கு, நான் தொடல. இப்பவும் போட மாட்டேன்."

அவர் இடுப்பிலிருந்து வால்வுச் சாவியை எடுத்துச் சொர்ணராஜின் கையில் கொடுத்து, "போய்த் திறங்க" என்றார். சொர்ணராஜ் அவர் மனம் மாறுவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தணிகாசலம் திண்டிலிருந்த காகிதத்தை எடுத்து மடித்துப் பையில் போட்டார், வழக்குக்குச் சாட்சியான அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருந்த அரக்கு முத்திரையை உடைத்து, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சுயம்புக்கனிக்குப் பக்கத்தில் வெறும் படியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இந்தியாவின் பருவக்காற்றுகள்" என்று ஆரம்பித்தார்.

"சார்" என்று சுயம்புக்கனி தடுத்தாள். அவள் போனை எடுத்துப் பதிவுப் பொத்தானைத் தேடி அமுக்கி, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "பேரையும் ஊரையும் சொல்லிட்டு ஆரம்பியுங்க."

நோட்டுப் புத்தகம் அவர் மடியில்தான் இருந்தது, நூற்று நாற்பது பெயரோடு. அவர் அந்தப் போனைப் பார்த்தார், தெருவில் நின்ற எங்களைப் பார்த்தார், கடைசியில் தன்னைப் பார்க்க முடியாத அந்த முகத்தை, தலையை ஒருபக்கம் சாய்த்துக் காத்திருந்த அந்த முகத்தை, பார்த்தார்.

"வாசிப்பவர் தணிகாசலம்" என்றார். ஊரைச் சொன்னார். பழக்கத்தில் பதவியையும் சேர்த்துச் சொன்னார், அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.